ஏரிக்கரையில் கேமரா கிடையாது

அடுத்த திங்கள்கிழமையிலிருந்து செய்யார் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில் வாயைப் பிளந்து தூங்கப்போகிறவன் எழுதுகிறேன். ஷிஃப்ட் வேலை. ஞாயிறு லீவு கிடைக்குமா என்று கேட்டதற்கு ஹெச்.ஆர். சிரித்த சிரிப்பிலேயே பதில் தெரிந்துவிட்டது. ஆகவே நம் மாடல் விமானக் கிளப்பின் செயலாளர் பதவியிலிருந்து, தாடி ஒழுங்காக முளைக்கும் முன்பே, ஓய்வு பெறுகிறேன். மாலை, சால்வை எதுவும் வேண்டாம். பிரியாணி என்றால் யோசிக்கலாம்.

கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் வாட்ஸப் குரூப்பில் வரிசையாகக் கேள்வி போட்டிருந்தீர்கள். எந்த மோட்டார் நல்லது, எந்த பேட்டரி ஊதிப்போகாது, ஃபோம் இறக்கைக்கு எந்தப் பசை. இதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, போய்ப் பாருங்கள். அங்கே கிடைக்காத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன். விமானத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அதைப் பறக்கவிட ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ஓர் ஊர் இருக்கும், அந்த ஊர் நம்மை உள்ளே விடவேண்டும். நம் கிளப் இதில் ஒருமுறை செம பல்பு வாங்கியது. மொத்தக் கதையும் இதுதான்.

காலேஜ் கிரவுண்டிலிருந்து நம்மைத் துரத்தியது உங்களுக்குத் தெரியும். துறைத்தலைவர் காரின் கண்ணாடிக்கும் நம் முதல் விமானத்துக்கும் நடந்த சந்திப்பைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம். அதற்குப் பிறகு ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற ரோட்டில் அலைந்து திரிந்து இந்த ஏரியைக் கண்டுபிடித்தோம். கோடையில் வறண்டு, நடுவில் சிமெண்ட் போட்டதுபோல் கெட்டியான தரை. கரண்ட் கம்பி இல்லை, மரமில்லை. ஊரின் வார்டு மெம்பரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷன். "ஆடு ஓட்டியாரதுக்கு முன்ன முடிச்சிகினு கெளம்பிடணும்பா" என்று ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். நமக்கும் அதுதானே வேண்டும். ஆரணியில் நெசவாளர்கள் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டுகிற விடியற்காலைதான் நமக்கும் நேரம். வெயில் ஏறிக் காற்று கிளம்பிவிட்டால் அவர்களுக்கும் நூல் நிற்காது, நமக்கும் விமானம் நிற்காது.

இப்படி ஞாயிற்றுக்கிழமைகள் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் ஊர்க்காரர்கள் நம்மிடம் ஒட்டவில்லை. கரைமேல் நின்று பார்ப்பார்கள். நாம் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கிராமத்துக் கூச்சம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். செய்யார் பக்கம் போல இங்கேயும் கம்பெனிக்காக நிலத்தை எடுக்கப்போகிறார்கள் என்று அந்த ஊரில் மாசக்கணக்காகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற திருவிழா வந்தது. ஊரில் இருக்கிற ஒவ்வொரு குரூப்பும் அம்மன் கோயில் எதிரே ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவது அங்கே வழக்கம். நாமும் ஒன்று கட்டினால் ஊர் நம்மை ஏற்றுக்கொள்ளும் என்று கமிட்டியில் பேசினோம். வெறும் மூஞ்சி போட்ட பேனர் மொக்கையாக இருக்குமே. விமானத்தின் வயிற்றில் கேமராவைக் கட்டி மேலேயிருந்து மொத்த ஊரையும் படம் பிடித்தோம். கோயில், பள்ளிக்கூடம், ஏரி, வயல், எல்லாம் அள்ளிக்கொண்டு போகிற அழகு.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

படத்தில் அவரவர் நிலத்தை அவரவர் கண்டுபிடித்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்று ஒரு ஐடியா உதித்தது. எல்லோரும் ஒரே குரலில் சூப்பர் என்றோம். ஒரு வாரம் டீக்கடையில் ஃபோனை நீட்டிக்கொண்டு, "அண்ணா, இது யாரு நெலம்? இந்த மூலையில இருக்கறது?" என்று கேட்டோம். ஒவ்வொரு நிலத்தைச் சுற்றியும் கலர் கோடு இழுத்து, நடுவில் சொந்தக்காரர் பெயரை எழுதி, பதினாறு அடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு, கோயில் வாசலில் கட்டினோம். கீழே கூலிங் கிளாஸ் போட்ட எங்கள் படங்கள் வரிசையாக.

நிலம் பறிபோகுமோ என்று பயந்துகொண்டிருக்கிற ஊருக்கு, சர்வே மேப்பை நாங்களே கட்டித் தொங்கவிட்டிருந்தோம்.

திருவிழா அன்று காலையில் கெத்தாகப் போய் பேனர் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். "தோ பார்றா, நம்ம மாட்டுக் கொட்டா!" என்று ஒருவர் கத்தினார். அப்புறம் சத்தம் மெல்ல அடங்கியது. கூட்டத்திலிருந்து ஓர் அக்கா முன்னால் வந்தார். கையில் கூழ் சொம்பு. மல்லிகா அக்கா. ஏரியை ஒட்டிய மேட்டு நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். வீட்டுக்காரர் ஆரணிக்குத் தறி வேலைக்குப் போய்வருகிறவர். இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்.

"யாருபா இதுல கோடு போட்டது?"

"நாங்கதான்கா! செமயா இருக்கில்ல? உங்க நெலம் பாருங்க, மஞ்ச கலர்."

"மஞ்சன்னா இன்னா அர்த்தம்?"

"அர்த்தம்லாம் ஒண்ணும் இல்லக்கா. பளிச்சுனு தெரியட்டும்னு."

"பக்கத்துல பச்ச போட்டுகிற. எனக்கு மட்டும் மஞ்ச. எடுக்கப்போறது மஞ்சயா, பச்சயா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, எத எடுக்கறது?" என்றேன். அந்தப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர் தனியாக ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கோட்டில் அண்ணன் வரப்பு தம்பி நிலத்துக்குள் கொஞ்சம் நுழைந்திருந்தது. "பாத்தியா, மேலருந்து பாத்தா எல்லாம் தெரியுது!" என்று தம்பி கத்த, "மவுஸ் ஆடிப்போச்சுண்ணா" என்று நான் குறுக்கே போக, இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அவர்களுக்குள் ஒற்றுமை வந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

"வாரம் வாரம் வந்து மேல வுட்டு மேல வுட்டுப் பாத்தீங்களே, எந்தக் கம்பெனிக்கு அளந்து குடுத்தீங்க?" என்றார் மல்லிகா அக்கா.

"அக்கா, உங்க நெலத்த வச்சிகினு நாங்க இன்னாக்கா பண்ணப்போறோம்?"

"அதத்தான நாங்களும் கேக்கறோம்."

கூட்டம் நெருங்கியது. மெம்பர் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "டேய் தம்பி, வாய மூடுறா. உங்கள உள்ள வுட்டது நான். நான் காசு வாங்கிகினு வுட்டேன்னு இப்ப ஊரே பேசுது. எனக்குப் பேஜாரு பண்ணிட்டியேடா."

அந்த நேரத்தில் டீச்சரின் ஸ்கூட்டி வந்து நின்றது. நம் கிளப்பில் எல்லோரையும்விட நன்றாகப் பறக்கவிடுகிறவர், கான்வென்ட்டில் கணக்கு எடுக்கிறவர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். உங்களுக்கும் தெரிந்தவர்தான். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து, தலையில் போட்ட துப்பட்டாவை இன்னும் எடுக்காமல் வந்திருந்தார். அவர் காதில் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னேன். "பேனர மட்டும் எறக்கக்கூடாது டீச்சர். எறக்கினா நாம தப்பு பண்ணோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"தப்புதானே பண்ணியிருக்கோம்?" என்றார். அவ்வளவுதான். நேராகப் போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

பேனரைச் சுருட்டி மல்லிகா அக்காவின் காலடியில் வைத்தார். "இது உங்க ஊரு படம். எங்ககிட்ட இருக்கக்கூடாது. நீங்க வச்சிக்கங்க, கொளுத்துங்க, இன்னா வேணா பண்ணுங்க."

"ஃபோன்ல இருக்கும் இல்ல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் ஃபோனை உயர்த்தி, "இப்பவே டெலிட் பண்றேன், எல்லாரும் பாருங்க!" என்றேன்.

"டெலிட் பண்ணா திரும்ப எடுக்க முடியாதா? அழிஞ்சுபோன கல்யாண போட்டோவயே எங்க ஊட்டு புள்ள திரும்ப எடுத்துக் குடுத்துச்சே" என்றது அதே குரல்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கிளவுட், பேக்கப் என்று ஒரு லெக்சர் வரிசையாக வந்து நின்றது. டீச்சர் என் காலை மிதித்தார். நிஜமாகவே மிதித்தார்.

"எடுக்கலாம்" என்றார் அவர். "அழிச்சிட்டோம்னு நாங்க சொன்னா நீங்க நம்பணும்னு இல்ல. நாங்க இன்னா பண்ணணும்னு நீங்க சொல்லுங்க. அதுபடி பண்றோம்."

கூட்டத்துக்கு இது பிடிபடவில்லை. சண்டைக்குத் தயாராக நின்றவர்களுக்கு எதிரில் ஆளே இல்லை. "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றார் ஒருவர். மெம்பர் தரையைப் பார்த்தார். இந்த ஏரி போனால் நமக்கு வேறு இடம் கிடையாது. இடம் இல்லாவிட்டால் கிளப்பும் கிடையாது.

மல்லிகா அக்கா சொம்பைக் கீழே வைத்தார். "வரட்டும். ஆனா ஒவ்வொண்ணையும் மேல வுடறதுக்கு முன்ன நான் தூக்கிப் பாப்பேன். வயித்தத் தொறந்து பாப்பேன். கேமரா கீமரா இருந்துது, அத ஏரியிலயே பொதச்சிடுவேன்."

திரும்பி வரும்போது ஸ்கூட்டியின் பின்சீட்டில் எனக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. "நாம இன்னா திருடனுங்களா டீச்சர்? இஞ்சினியரிங் முடிச்சிட்டு, பை செக் பண்ணிட்டுதான் உள்ள வுடுவாங்கன்னா கேவலமா இல்ல?"

"அவங்க வரக்கூடாதுன்னு சொல்லல, செக் பண்றேன்னு சொன்னாங்க" என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "வித்தியாசம் புரியுதா, இல்ல போர்டுல எழுதிக் காட்டணுமா?"

அடுத்த ஞாயிறு நாங்கள் போய் நின்றபோது, மல்லிகா அக்கா எங்களுக்கு முன்பே கரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பேனரின் ஒரு பாதி அவர் வீட்டு வைக்கோல் போர்மேல் போர்த்திக் கிடந்ததை வரும் வழியில் பார்த்தோம். அதில் என் மூஞ்சி தலைகீழாக இருந்தது. நியாயம்தான்.

என் விமானத்தை இரண்டு கையாலும், ஏதோ கருங்கல்லைத் தூக்குகிறவர் மாதிரி பலம் போட்டுத் தூக்கினார். அது சர்ரென்று தலைக்கு மேல் போய்விட்டது.

"இவ்ளோதானா? எங்க ஊட்டு சேவலே இதவிட கனமா இருக்குமே!"

மூடியைத் திறந்து காட்டினேன். விரலை விட்டுத் துழாவினார். "இது இன்னாது?"

"ரிசீவர்கா. கையில இருக்கற ரிமோட்டுல நாம சொல்றத அது கேக்கும்."

"படம் புடிக்குமா?"

"புடிக்காது. சொன்னத மட்டும் கேக்கும்."

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கி மாட்டணும்" என்றார், சிரிக்காமல். கரைமேல் நின்ற பெண்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். அந்த ஊரில் எங்கள் முன்னால் பெண்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. அவர் பார்க்காமல் எதுவும் மேலே போகாது. எனக்கு முதலில் கடுப்பு. ஜல்தியாக முடித்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் அவர் தனியாக வருவது நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, அவள் நாத்தனார், மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவர்கள் என்று ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது. எது உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குள்ளேயே விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். செக் பண்ணி முடித்தவர்கள் உடனே வீட்டுக்குப் போய்விடுவார்களா என்ன? உட்கார்ந்து பார்த்தார்கள். யார் விமானம் நன்றாக ஏறுகிறது என்று கட்சி பிரிந்தார்கள். எனக்கு ஆதரவு கம்மி.

ஆவணியில் ஒருநாள், போளூர் பக்கமிருந்து பைக்கில் வந்த ஒருவர் கரையில் நிறுத்தி, "இன்னா, ட்ரோன் வுட்டு நெலத்த சர்வே பண்றானுங்களா?" என்று குரல் கொடுத்தார். பதில் சொல்லலாம் என்று நான் திரும்புவதற்குள் மல்லிகா அக்கா எழுந்து நின்றார்.

"ட்ரோனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் தொறந்து பாத்துட்டேன். உள்ள ஒரு பேட்டரி, நாலு ஒயரு. பாக்கறதுன்னா குந்திப் பாரு, இல்லன்னா வண்டிய எடு."

அந்த ஆள் குந்திப் பார்த்தார்.

மல்லிகா அக்கா எங்களை நம்பியதாக ஒருநாளும் சொன்னதில்லை. கிளம்பும்போது நான், "அக்கா, அடுத்த வாரம்?" என்று கேட்பேன். "பாத்துக்கலாம்" என்பார். ஒவ்வொரு வாரமும் அந்த ஒரு வார்த்தையில்தான் கிளப் தொங்கிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் வெளியூர் கிளப்புகளையும் கூப்பிட்டு ஒரு பறக்கும் விழா வைத்தோம். மெம்பர் மோருக்கு ஏற்பாடு செய்தார். இந்தத் தடவை பேனர் கிடையாது. வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு சார் முக்கியமானவர். பெரிய பெட்ரோல் இஞ்சின் விமானம் வைத்திருப்பவர். புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான தன் பழைய விமானங்களையும் ரிமோட்களையும் நம் கிளப்புக்கே தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் இன்னும் பத்து பேரைச் சேர்க்கலாம் என்று நான் கனவு கண்டுகொண்டிருந்தேன். கேமரா வேண்டாம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே மெசேஜ் போட்டிருந்தேன். அவர் விமானத்தின் வயிற்றில் கேமரா பளபளத்தது.

மல்லிகா அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து அதன் அருகில் குனிந்தார். "இத கழட்டுங்க."

"யாரும்மா நீங்க? தொடாதீங்க. இதோட வெல தெரியுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, யாரு இவங்க? சொல்லுங்கப்பா. ஒரே ஒரு ரவுண்டு எடுத்துட்டு அழிச்சிடறேன்."

டீச்சரைத் தேடினேன். அவர் களத்தின் அந்தக் கோடியில், மேலே பறந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றிருந்தார். மெம்பர் மோர் பானையை மும்முரமாகக் கலக்கிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ரவுண்டுதானே, அக்காவிடம் தனியாகக் கெஞ்சிக்கொள்ளலாமே என்று நிஜமாகவே ஒரு கணம் நினைத்தேன். மல்லிகா அக்கா விமானத்தின் மேல் வைத்த கையை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கரைமேல் ஊரே நின்றது.

"சார், இவங்கதான் எங்க சேஃப்டி ஆபீசர்" என்றேன். "இவங்க சரின்னு சொல்லாம இந்த ஏரியில எதுவும் பறக்காது சார்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "அப்ப நான் கெளம்பறேன்."

"சரிங்க சார். மோர் குடிச்சிட்டுப் போங்க."

குடிக்கவில்லை. விமானத்தைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய் ஏசி போட்டு உட்கார்ந்துவிட்டார். கார் கிளம்பவும் இல்லை. திருவண்ணாமலைக்காரர்களின் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. கரையில் விசில் பறந்தது. அவ்வளவு தூரம் விமானத்தைச் சுமந்து வந்துவிட்டு மற்றவர்கள் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார நம் ஆட்களில் யாராலும் முடியாது, உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் கார் கதவு திறந்தது. ஸ்குரூ டிரைவரோடு வந்தார். கழற்றிய கேமராவை மல்லிகா அக்காவிடம் நீட்டினார். அவர் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்ப வுடுங்க சார்" என்றார்.

அந்த விமானம் ஏரியைச் சுற்றி உறுமிக்கொண்டு போனது, நான் இதுவரை பார்த்ததிலேயே உச்சம். பழைய ரிமோட்களைப் பற்றி மட்டும் அந்த சார் அதற்கப்புறம் பேச்சே எடுக்கவில்லை. போகட்டும்.

எல்லாம் மூட்டை கட்டும்போது மேற்கே மேகம் கறுத்து நின்றது. வழக்கம்போலக் கேட்டேன். "அக்கா, அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் இருக்கட்டும். மழ புடிச்சிகினா ஏரியில தண்ணி நிக்குமே, அப்ப இன்னா பண்ணுவ?"

"போன வருஷம் மாதிரிதான்கா. மூட்டை கட்டிட்டு, தண்ணி வத்தனப்பறம் வரணும்." போன மழைக்காலத்தில் பாதிப் பேர் கிளப்பை விட்டே போய்விட்டதை நான் சொல்லவில்லை.

மல்லிகா அக்கா மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஐப்பசி கடைசியில மல்லாட்ட புடுங்கிடுவேன். அப்பறம் நெலம் சும்மாதான் கெடக்கும். மேட்டு நெலம், தண்ணி நிக்காது. அங்க வந்து வுடுங்க."

மோர் பானையைக் கழுவிக்கொண்டிருந்த மெம்பர் நிமிர்ந்து பார்த்தார். "யக்கா, உன் நெலத்துலயா?"

"என் நெலம்தான? நான் வரச் சொன்னா எவன் கேக்கறது?"

போன வாரம் மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது. நேற்று ஃபோன் போட்டு, கட்டியெல்லாம் உடைத்துத் தரையைச் சமமாக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். வரும் ஞாயிறு நீங்கள் போய் நிற்கப்போவது அங்கேதான். போனதும் விமானத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள். திறந்து பார்ப்பார், ஏதாவது நக்கல் அடிப்பார். பார்த்து முடிக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.